எம்-பெசா: கைபேசிப் பணம் உண்மையில் எப்படி வேலை செய்கிறது?

நம் யூபிஐ வருவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே கென்யாவில் செல்போனில் பணம் அனுப்பினார்கள் என்று சொன்னால், "அப்படியா, அவங்க ஊரு ஜிபேயா?" என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. வளரும் நாடுகளில் தொழில்நுட்பம் செய்த மாற்றத்துக்கு உதாரணம் கேட்டால் எல்லோரும் முதலில் நீட்டுவது எம்-பெசா என்ற இந்தக் கென்யச் சேவையைத்தான். ஆனால் அந்தப் பேச்சு 'ஏழை நாடு, செல்போன், புரட்சி' என்பதோடு முடிந்துவிடும். பணம் எங்கே இருக்கிறது? அதை நோட்டாக மாற்றித் தருவது யார்? அவருக்கு இதில் என்ன கிடைக்கிறது? செல்போன் கம்பெனி திவாலானால் என்ன ஆகும்? இவற்றுக்கெல்லாம் பதில் தேடாமலே "நாமும் ஒன்று செய்வோம்" என்று இறங்கிய கம்பெனிகள் உண்டு. சில வருடங்களில் கடையை மூடிவிட்டுப் போன கதைகளும் உண்டு.

எம்-பெசாவில் இருக்கும் தொழில்நுட்பம் ரொம்பச் சாதாரணமானது. எஸ்எம்எஸ், சிம் கார்டு, நாலு இலக்க ரகசிய எண், அவ்வளவுதான். கஷ்டமான வேலை எல்லாம் தெருவோரப் பெட்டிக்கடையில் நடக்கிறது. அதனால் இந்தக் கட்டுரை பெரும்பாலும் கடையைப் பற்றித்தான்.

## ரீசார்ஜ் கடையிலிருந்து தொடங்குவோம்

ஸ்மார்ட்போனுக்கு முந்தைய காலத்து ரீசார்ஜ் கடை பலருக்கும் நினைவிருக்கும். கடைக்காரர் டீலரிடம் 5,000 ரூபாய் முன்கூட்டியே கட்டியிருப்பார். அந்தத் தொகை அவருடைய சிம்மில் பேலன்ஸாக இருக்கும். நீங்கள் 50 ரூபாய் நோட்டை நீட்டுவீர்கள். அவர் கல்லாப்பெட்டி மேல் கிடக்கும் பழைய போனை எடுத்து, உங்கள் எண்ணைத் தட்டுவார். "வந்துருச்சா பாருங்க" என்பார். உங்கள் போனில் எஸ்எம்எஸ் விழும்.

இதில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். உங்கள் கையிலிருந்த நோட்டு அவர் கல்லாவுக்குப் போனது. அவர் சிம்மில் இருந்த பேலன்ஸ் உங்கள் சிம்முக்கு வந்தது. கடைக்காரரிடம் மொத்தமாக இருந்த மதிப்பு மாறவில்லை, வடிவம்தான் மாறியது. இடையில் கம்பெனி தந்த கமிஷன் மட்டும் அவருக்கு லாபம்.

இப்போது இரண்டே இரண்டு வசதிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, உங்கள் பேலன்ஸை இன்னொருவர் எண்ணுக்கு நீங்களே அனுப்பலாம். இரண்டு, எந்த ரீசார்ஜ் கடைக்குப் போனாலும் பேலன்ஸைக் கொடுத்து நோட்டாக வாங்கிக்கொள்ளலாம். இந்த இரண்டும் சேர்ந்த அந்தக் கணத்தில் ரீசார்ஜ் பேலன்ஸ் பணமாகிவிடுகிறது.

இது கற்பனை அல்ல. எம்-பெசாவுக்கு முன்பே ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் மக்கள் இதைத் தாங்களாகவே செய்துகொண்டிருந்தார்கள். நகரத்தில் இருப்பவர் ஊரில் இருக்கும் தம்பிக்குப் பேசும் காசை அனுப்புவார். தம்பி அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றுக் காசாக்கிக்கொள்வார். கென்யாவின் பெரிய செல்போன் நிறுவனமான சஃபாரிகாம், பேலன்ஸைப் பிறருக்குப் பகிர 'சம்பாசா' என்று ஒரு வசதியே வைத்திருந்தது. மக்கள் கண்டுபிடித்த குறுக்குவழிக்குப் பின்னால்தான் கம்பெனி வந்து சேர்ந்தது என்று சொன்னால் தப்பில்லை.

எனவே கைபேசிப் பணம் என்றால் இதுதான்: செல்போன் நிறுவனம் வைத்திருக்கும் கணக்கேட்டில் உங்கள் எண்ணுக்கு நேரே எழுதப்பட்ட தொகை. அதைப் பிறருக்கு அனுப்பலாம், கடையில் கொடுத்து நோட்டாக வாங்கலாம். வங்கிக் கணக்கு வேண்டாம், இணையம் வேண்டாம்.

## கடன் வசூலுக்காகப் போட்ட திட்டம்

2005 அக்டோபரில் வோடஃபோனும் சஃபாரிகாமும் ஒரு சின்னச் சோதனையைத் தொடங்கின. பிரிட்டன் அரசின் வளர்ச்சி உதவித் துறையும் செலவில் பங்கு போட்டது. வோடஃபோனின் நிக் ஹியூஸும் சூசி லோனியும் இதை நடத்தினார்கள். நோக்கம் ரொம்பச் சிறியது. 'ஃபாலு' என்ற நுண்கடன் நிறுவனத்தில் கடன் வாங்கியவர்கள் தவணையைச் செல்போனிலேயே கட்ட முடியுமா என்று பார்ப்பது. நைரோபியிலும் பக்கத்து ஊரான தீக்காவிலும் ஐந்நூறு பேருக்கும் குறைவானவர்களை வைத்து நடந்தது.

தவணை கட்டுவதெல்லாம் ஓரளவுக்குத்தான் நடந்தது. நுண்கடன் குழுக்களுக்கே உரிய வாரக் கூட்டம், குழுப் பொறுப்பு, நோட்டுப் புத்தகம் இவற்றோடு இந்தப் புது முறை ஒட்டவில்லை. ஆனால் சோதனையில் இருந்தவர்கள் சொல்லித்தராத வேலைகளை எல்லாம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் இன்னொருவருக்குப் பணம் அனுப்பினார். வியாபாரிகள் தங்களுக்குள் சரக்குக் காசைக் கொடுத்து வாங்கினார்கள். வெளியூர் போகும் முன் கையிலிருந்த பணத்தைப் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்ததும் எடுத்துக்கொண்டார்கள். வழிப்பறிக்குப் பயந்த ஊரில் அதுவே பெரிய நிம்மதி.

சஃபாரிகாம் இதைக் கவனித்தது. கடன் சமாச்சாரத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, 2007 மார்ச் 6 அன்று ஒரே ஒரு வேலைக்காக எம்-பெசாவை நாடு முழுவதும் கொண்டுவந்தது. விளம்பரத்தில் இருந்த செய்தி ஒன்றுதான்: வீட்டுக்குப் பணம் அனுப்பு.

அந்த வாசகம் ஏன் ஒட்டிக்கொண்டது என்பதற்குக் கென்யாவின் குடும்பங்களைப் பார்க்க வேண்டும். கணவனோ மகனோ நைரோபியில், மொம்பாசாவில் வேலை. மற்றவர்கள் மேற்கே விக்டோரியா ஏரிப் பக்கம் சொந்த ஊரில், காணியில். 2006-இல் எடுத்த கணக்கெடுப்பில் வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூட வங்கிக் கணக்கு இல்லை. பணம் எப்படிப் போகும்? ஊருக்குப் போகும் சொந்தக்காரர் கையில், 'மட்டாட்டு' எனும் சிற்றுந்து ஓட்டுநர் கையில், இல்லையென்றால் தபால் அலுவலகத்தில். உறையில் போட்டுக் கொடுத்த பணம் போய்ச் சேர்ந்ததா என்று தெரிய ஒரு வாரம் ஆகலாம், சேராமலும் போகலாம்.

இப்படிப்பட்ட நாட்டில் அந்த ஆண்டு முடிவதற்குள் பத்து லட்சம் பேர் எம்-பெசாவில் பதிவு செய்துகொண்டதில் ஆச்சரியம் இல்லை.

## கடையில் நடப்பது

ஆரம்ப காலத்துக் கட்டணத்தை வைத்து ஓர் உதாரணம் பார்ப்போம். நைரோபியில் இரவுக் காவல் வேலை செய்யும் ஒருவர், சியாயா மாவட்டத்தில் இருக்கும் அம்மாவுக்கு 2,000 ஷில்லிங் அனுப்ப வேண்டும்.

வீட்டுக்குப் பக்கத்தில் பச்சை பெயின்ட் அடித்த கடை. சோப்பு, சர்க்கரை, பேட்டரி விற்கும் கடைதான். சஃபாரிகாமிடம் பதிந்துகொண்டு எம்-பெசாவும் பார்க்கும். இப்படிப்பட்ட கடைக்காரருக்கு ஏஜென்ட் என்று பெயர். காவலாளி அடையாள அட்டையோடு 2,100 ஷில்லிங்கை நீட்டுகிறார். ஏஜென்ட் தன் போனிலிருந்து அதே அளவு மின்பணத்தை, அதாவது போன் கணக்கில் இருக்கும் தொகையை, அவர் எண்ணுக்கு மாற்றுகிறார். இருவருக்கும் எஸ்எம்எஸ். மேசை மேல் கிடக்கும் நீளமான பதிவேட்டில் தேதி, தொகை, அடையாள எண் எழுதி, கையெழுத்து. பணம் போடக் கட்டணம் கிடையாது.

அடுத்து காவலாளி தன் போனில் சிம் மெனுவைத் திறந்து, 'பணம் அனுப்பு' என்பதைத் தேர்ந்தெடுத்து, அம்மாவின் எண், 2,000 என்ற தொகை, ரகசிய எண் மூன்றையும் தட்டுகிறார். கட்டணம் 30 ஷில்லிங். இந்தக் கட்டத்தில் கடைக்காரருக்கு வேலையே இல்லை. காவலாளி பஸ்ஸில் போய்க்கொண்டேகூட அனுப்பலாம். உடனே வரும் எஸ்எம்எஸ்ஸில் பெற்றவரின் பெயர், தொகை, மீதி மூன்றும் இருக்கும். தப்பான எண்ணுக்குப் போனால் பெயரைப் பார்த்தே தெரிந்துவிடும். ஆனால் தெரிவது போன பிறகுதான் என்பதால் ஆரம்பத்தில் பலர் இதில் மாட்டிக்கொண்டார்கள்.

சியாயாவில் அம்மாவின் போனில் எஸ்எம்எஸ் விழுகிறது. நோக்கியா வகைச் சின்ன போன்தான். அவர் அங்கிருக்கும் ஏஜென்ட்டிடம் நடந்து போகிறார். கடைச் சுவரில் எழுதியிருக்கும் ஏஜென்ட் எண்ணையும் எடுக்க வேண்டிய தொகையையும் ரகசிய எண்ணையும் தன் போனில் தட்டுகிறார். அம்மாவின் கணக்கிலிருந்து மின்பணம் ஏஜென்ட்டுக்குப் போகிறது. ஏஜென்ட் தன் எஸ்எம்எஸ்ஸைப் பார்த்து, அட்டையைச் சரிபார்த்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, நோட்டை எண்ணித் தருகிறார். எடுப்பதற்குக் கட்டணம் 25 ஷில்லிங். இதில் ஒரு பகுதி ஏஜென்ட்டுக்குக் கமிஷனாகப் போய்ச்சேரும்.

கவனித்தீர்களா? நைரோபியிலிருந்து சியாயாவுக்கு ஒரு நோட்டுகூடப் பயணம் செய்யவில்லை. மகன் கொடுத்த நோட்டு நைரோபிக் கடைக் கல்லாவிலேயே கிடக்கிறது. அம்மா வாங்கிய நோட்டு சியாயாக் கடையில் ஏற்கெனவே இருந்தது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நோட்டை மின்பணமாக்குவதும் மின்பணத்தை நோட்டாக்குவதும் கடையில் நடக்கிறது. நடுவில் அனுப்புவது மட்டும்தான் போனில் நடக்கிறது. போன் கணக்கு எழுதுகிறது, கடை பணம் தருகிறது.

## கல்லா காலியானால்?

எம்-பெசாவின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. இதைப் பற்றிப் பேசுபவர்கள் மிகக் குறைவு.

சியாயா ஏஜென்ட்டிடம் காலையில் 40,000 ஷில்லிங் நோட்டும், போனில் 60,000 ஷில்லிங் மின்பணமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் ஒரு லட்சம். கடைக்காரர் இந்தத் தொழிலுக்காகப் போட்டு வைத்திருக்கும் இந்த இரட்டைக் கையிருப்பை ஃப்ளோட் என்பார்கள். மதியத்துக்குள் பத்துப் பதினைந்து பேர் வந்து மொத்தம் 38,000 எடுத்துவிட்டார்கள். இப்போது நோட்டு 2,000, மின்பணம் 98,000. மொத்தம் அதே ஒரு லட்சம். கடைக்காரர் ஒரு காசும் இழக்கவில்லை. ஆனால் அடுத்து வருபவர் 5,000 கேட்டால் கொடுக்க முடியாது.

நைரோபியில் தலைகீழ். அங்கே எல்லோரும் பணம் போட வருகிறார்கள். சாயங்காலத்துக்குள் கல்லா நிறைந்துவிடும், போனில் மின்பணம் தீர்ந்துவிடும். நோட்டோடு வரும் வாடிக்கையாளரை "ஃப்ளோட் இல்லைங்க, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்ப வேண்டும்.

பணம் நகரத்திலிருந்து ஊருக்கு ஒரே திசையில் ஓடும்வரை இந்தச் சிக்கல் தினமும் வரும். அதைச் சரிசெய்ய ஏஜென்ட் வங்கிக்குப் போய் மின்பணத்தைக் கொடுத்து நோட்டு வாங்க வேண்டும், அல்லது நோட்டைக் கட்டி மின்பணம் வாங்க வேண்டும். ஊர்க் கடைக்காரருக்கு வங்கி பக்கத்துத் தெருவில் இருக்காது. கடையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, 'போடாபோடா' எனும் வாடகை பைக்கில் ஏறி டவுனுக்குப் போய், மடியில் நோட்டுக் கட்டோடு திரும்ப வேண்டும். போக்குவரத்துச் செலவு ஒன்று, கடை மூடியிருந்த நேரத்து நஷ்டம் ஒன்று, வழியில் கொள்ளை போகுமோ என்ற பயம் ஒன்று. கமிஷன் இவை எல்லாவற்றையும் தாண்டி மிஞ்சினால்தான் அவர் இந்தத் தொழிலில் இருப்பார். மாதக் கடைசியில் சம்பளம் வரும் நாட்கள், ஜனவரியில் பள்ளி திறந்து ஃபீஸ் கட்டும் வாரம், கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் ஊருக்குப் போகும் சமயம் ஆகியவற்றில் இந்த நெருக்கடி பல மடங்காகும்.

சஃபாரிகாம் இதைப் புரிந்துகொண்டதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். பணம் போடுவதற்கு வாடிக்கையாளரிடம் எதுவும் வாங்கவில்லை, ஆனால் ஏஜென்ட்டுக்கு அதற்கும் கமிஷன் கொடுத்தது. புது ஆளைப் பதிந்தால் தனிக் கமிஷன். பல கடைகளை மேய்க்கும் பெரிய ஏஜென்ட்டுகளை இடையில் வைத்து, அவர்கள் ஒரு கடையின் உபரியை இன்னொரு கடையின் பற்றாக்குறைக்குத் திருப்பிவிட ஏற்பாடு செய்தது. வங்கிக் கிளைகளையே மொத்த வியாபாரிகள் மாதிரி பயன்படுத்திக்கொண்டது. தொடக்கத்தில் கண்ட கடைக்கெல்லாம் அனுமதி கொடுக்காமல், வாடிக்கையாளர் பெருகும் வேகத்துக்கு ஏற்பக் கடைகளைப் பெருக்கியது. கடைகள் அதிகமாகி வாடிக்கையாளர் குறைவாக இருந்தால் கமிஷன் கட்டுப்படியாகாது, கடைக்காரர் ஃப்ளோட் வைப்பதை விட்டுவிடுவார். கடைகள் குறைவாக இருந்தால் வாடிக்கையாளர் வரிசையில் நின்று சலித்துப்போவார். இந்தக் கயிற்றில் நடந்ததைத்தான் நான் எம்-பெசாவின் உண்மையான புதுமை என்பேன். கணினி நிரலில் அது எங்கேயும் எழுதியிருக்காது.

சில நூறு கடைகளோடு தொடங்கிய இந்த வலை இன்று கென்யாவில் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்த நாட்டில் வங்கிக் கிளைகள் ஆயிரத்தைந்நூறு அளவில்தான்.

ஓர் ஊர்க் கிழவி எஸ்எம்எஸ்ஸை நம்புவது ஏன்? சர்வர் எங்கிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. (பல வருடங்களுக்கு அது ஜெர்மனியில் இருந்தது, 2015-இல்தான் கென்யாவுக்கு வந்தது.) போன தடவை கடைக்குப் போனபோது கேட்ட பணம் கையில் கிடைத்தது. அதனால் நம்புகிறார். இரண்டு தடவை "காசு இல்லை" என்று திருப்பி அனுப்பினால் போதும், அந்த நம்பிக்கை போய்விடும்.

## அந்தப் பணம் யாருடையது, எங்கே இருக்கிறது?

எம்-பெசா ஒரு வங்கி என்பதுதான் அடுத்த பொதுவான தப்பெண்ணம். வங்கி என்ன செய்யும்? நீங்கள் போட்ட பணத்தில் பெரும்பகுதியை வேறொருவருக்குக் கடனாகக் கொடுக்கும். அந்த வட்டிதான் அதன் வருமானம். எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் எந்த வங்கியாலும் கொடுக்க முடியாது.

எம்-பெசாவில் இந்த வேலை இல்லை. மக்கள் கைகளிலும் ஏஜென்ட்டுகள் கைகளிலும் இருக்கும் மின்பணம் எவ்வளவோ, அதே அளவு உண்மையான பணம் வணிக வங்கிகளில் ஒரு டிரஸ்ட் கணக்கில் கிடக்க வேண்டும். டிரஸ்ட் கணக்கு என்றால், பிறருக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கும் கணக்கு. சஃபாரிகாம் அதை எடுத்துச் செலவு செய்ய முடியாது, யாருக்கும் கடன் கொடுக்க முடியாது. சஃபாரிகாம் திவாலானால் அதற்குக் கடன் கொடுத்தவர்கள் அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது. ஒரு ஷில்லிங் மின்பணத்துக்கு ஒரு ஷில்லிங் வங்கியில், கணக்கு எப்போதும் டாலி ஆக வேண்டும். பணம் கிடக்கும் வங்கியே கவிழ்ந்தால்? அதற்காகத்தான் பின்னாளில் ஒரே வங்கியில் வைக்காமல் பல வங்கிகளில் பிரித்து வைத்தார்கள்.

அப்படிக் கிடக்கும் பெரிய தொகைக்கு வட்டி வருமே, அது யாருக்கு? வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் 'இது வங்கி டெபாசிட்' என்று ஆகிவிடும், வங்கிச் சட்டம் பாயும். சஃபாரிகாம் எடுத்துக்கொள்வதும் முறையில்லை. அதனால் அறப்பணிக்கு என்று ஒதுக்கினார்கள். ஏழைகளின் பேலன்ஸில் வந்த வட்டி ஏழைகளுக்கே நேராகப் போகாமல் தர்ம காரியத்துக்குப் போவது சரிதானா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான்.

2007-இல் கென்யாவில் இதற்கெனச் சட்டம் ஒன்றும் இல்லை. மத்திய வங்கி டிரஸ்ட் ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு, 'ஆட்சேபம் இல்லை' என்று ஒரு கடிதம் கொடுத்தது. வாடிக்கையாளர்கள் பெருகியதும் வங்கிகளுக்கு வயிறு எரிந்தது. 2008 டிசம்பரில் அப்போது நிதியமைச்சர் பொறுப்பைக் கவனித்துவந்த ஜான் மிச்சுகி இதைத் தணிக்கை செய்யச் சொன்னார். அடுத்த மாதமே பணம் பத்திரமாக இருக்கிறது என்று அரசுத் தரப்பிலிருந்து அறிவிப்பு வந்தது. பணப் பரிமாற்றச் சேவைகளுக்கான தனிச் சட்டம் 2011-இல்தான் வந்தது. மக்கள் பணத்தைத் தனியாகப் பூட்டிவைக்கச் சொல்லிவிட்டு, மற்றதைக் கொஞ்ச நாள் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ரிஸ்க்தான். ஆனால் முதல் நாளே வங்கிக்கு உரிய எல்லா விதிகளையும் பெட்டிக்கடை தலையில் சுமத்தியிருந்தால் இது பிறந்திருக்காது.

ஆக, மின்பணம் என்பது டிரஸ்ட் கணக்கில் கிடக்கும் பணத்துக்கான ரசீது மாதிரி. கைமாறுவது ரசீது, பணம் வங்கியில் அசையாமல் இருக்கிறது.

## யூபிஐ வேறு, இது வேறு

யூபிஐ 2016 ஏப்ரலில் வந்தது. அதில் பணம் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கிக் கணக்குக்குப் போகிறது. ஜிபே, ஃபோன்பே எல்லாம் அந்த உத்தரவைக் கொண்டுபோகும் கருவிகள். உங்கள் பணம் அவற்றில் இருப்பதில்லை. அதாவது எல்லோருக்கும் ஏற்கெனவே வங்கிக் கணக்கு இருக்கிறது என்ற அடித்தளத்தின் மேல் கட்டியது யூபிஐ. அந்த அடித்தளத்தை 2014-இல் தொடங்கிய ஜன்தன் கணக்குகள் போட்டன. கென்யாவில் அது இல்லாததால், வங்கியைச் சுற்றிக்கொண்டு போகும் பாதை போட வேண்டியிருந்தது.

இந்த வித்தியாசம் புரியாமல்தான் பல இடங்களில் எம்-பெசா தோற்றது. தென்னாப்பிரிக்காவில் வோடாகாம் 2010-இல் கொண்டுவந்து 2016-இல் மூடியது. அங்கே பெரும்பாலானவர்களிடம் வங்கிக் கணக்கு இருந்தது, ஏடிஎம் இருந்தது. இந்தியாவில் வோடஃபோன் 2013-இல் ஐசிஐசிஐ வங்கியோடு சேர்ந்து இதே எம்-பெசாவைக் கொண்டுவந்தது. பீகார், உத்தரப் பிரதேசக் கிராமங்களுக்குப் பணம் அனுப்பும் தொழிலாளர்கள் இங்கேயும்தான் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் கையில் நோட்டாக எடுக்க வங்கியின் துணை வேண்டும் என்ற விதி, ஒரே கம்பெனியின் பிடியில் இல்லாத செல்போன் சந்தை, அடுத்தடுத்து வந்த ஜன்தனும் யூபிஐயும் என்று எல்லாம் சேர்ந்து 2019-இல் கதை முடிந்தது.

கென்யாவில் சஃபாரிகாம் கையில் சந்தையின் பெரும்பகுதி இருந்ததையும் சொல்லியாக வேண்டும். அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே சிம் வைத்திருந்தால்தான் இந்த வலை சீக்கிரம் பின்னப்படும். அந்த ஏகபோகம் பின்னாளில் தொல்லையும் ஆனது. எம்-பெசா ஏஜென்ட் வேறு கம்பெனிக்கு வேலை செய்யக்கூடாது என்ற கட்டுப்பாட்டை 2014-இல் தான் தளர்த்தினார்கள்.

கென்யாவின் பாதை மட்டும்தான் பாதை என்றும் இல்லை. பங்களாதேஷில் 2011-இல் வந்த பிகாஷ் ஒரு வங்கியின் துணை நிறுவனம். டாக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் பெண்களும் தெருவுக்குத் தெரு ஏஜென்ட்டுகளும் சேர்ந்து அதைத் தூக்கிவிட்டார்கள். இலங்கையில் டயலாக் நிறுவனத்தின் ஈசி கேஷ் 2012-இல் வந்தது.

## ஏழ்மை குறைந்ததா?

டவ்நீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரண்டு பொருளியலாளர்கள் கென்யக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2016-இல் வெளியான அவர்கள் ஆய்வின்படி, எம்-பெசாவால் 1,94,000 குடும்பங்கள், அதாவது கென்யக் குடும்பங்களில் 2 சதவீதம், கடும் வறுமையிலிருந்து மேலே வந்தன. சுமார் 1,85,000 பெண்கள் விவசாயத்திலிருந்து சிறு வியாபாரத்துக்கு மாறினார்கள்.

இதன் காரணம் சுவாரசியமானது. கைபேசிப் பணம் யாருடைய வருமானத்தையும் நேராகக் கூட்டுவதில்லை. ஆனால் மழை பொய்த்தால், வீட்டில் யாராவது படுத்தால், உதவி கேட்கக்கூடிய ஆட்களின் வட்டத்தை அது பெரிதாக்குகிறது. முன்பு பக்கத்து வீட்டுக்காரரிடம்தான் கைமாற்று கேட்க முடியும், அவர் வயலிலும் மழை இல்லை. இப்போது மொம்பாசாவில் இருக்கும் மச்சானிடம் கேட்கலாம், நாலு பேரிடம் நூறு நூறாகக்கூட வாங்கலாம். இதே இருவரின் முந்தைய ஆய்வில், எம்-பெசா இல்லாத குடும்பங்கள் இப்படிப்பட்ட அடி விழும்போது சாப்பாடு முதலான செலவில் 7 சதவீதம் குறைத்துக்கொண்டன. எம்-பெசா வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை.

இந்த 2 சதவீதக் கணக்கை மில்ஃபோர்ட் பேட்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2019-இல் கடுமையாக விமர்சித்தார்கள். தொடங்கிய வியாபாரங்களில் எத்தனை மூடின, கூடிய போட்டியில் எத்தனை பேர் நசுங்கினார்கள், எத்தனை பேர் கடனில் விழுந்தார்கள் என்பதை எல்லாம் ஆய்வு பார்க்கவில்லை என்பது அவர்கள் வாதம். எனக்குப் படுவது: ஆபத்துக்குப் பணம் சீக்கிரம் வந்து சேர்கிறது என்ற பகுதி உறுதியானது. நாட்டின் வறுமையையே அது குறைத்தது என்பதைக் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொள்ளலாம்.

## கணக்கிலிருந்து கடனுக்கு

பணம் சின்னச் சின்னத் துண்டுகளாக நகர முடிந்ததும், அதற்கு மேல் வேறு தொழில்கள் முளைத்தன. நிக் ஹியூஸும் கூட்டாளிகளும் தொடங்கிய எம்-கோபா சூரிய விளக்குகளை விற்றது. கொஞ்சம் முன்பணம், பிறகு தினம் 50 ஷில்லிங் போல எம்-பெசாவில் கட்ட வேண்டும். பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். கட்டவில்லை என்றால் விளக்கு எரியாது, கட்டினால் எரியும். மண்ணெண்ணெய்க்கு ஆகும் அன்றாடச் செலவு அளவுக்கே தவணையை வைத்ததுதான் அதன் சூட்சுமம். 50 ஷில்லிங் வசூலிக்க ஆள் அனுப்பினால் அந்த ஆளின் கூலியிலேயே தவணை கரைந்துவிடும். எம்-பெசா இல்லாமல் இந்த வியாபாரம் கணக்குக்கே வராது.

கடன் வந்த கதை வேறு. 2012-இல் வந்த எம்-ஷ்வாரி, ஒரு வங்கியோடு சேர்ந்து போனிலேயே சேமிப்பும் சிறு கடனும் தந்தது. உங்கள் எம்-பெசா வரவு செலவைப் பார்த்து, எவ்வளவு தரலாம் என்று கணினியே முடிவு செய்யும். 30 நாள் கடனுக்கு 7.5 சதவீதக் கட்டணம். கேட்கச் சிறியதாக இருக்கும். ஆனால் மாதாமாதம் புதுப்பித்துக்கொண்டே போனால் ஆண்டுக்கு 90 சதவீதம். இதைப் பார்த்து வேறு பல கடன் செயலிகளும் கிளம்பின. சில நூறு ஷில்லிங் பாக்கிக்காகக் கடன் தகவல் நிறுவனங்களின் கறுப்புப் பட்டியலில் லட்சக்கணக்கான கென்யர்கள் சேர்ந்தார்கள்.

2019-இல் வந்த ஃபுலிசா இன்னும் நெருக்கமானது. கடையில் 300 ஷில்லிங் கட்ட வேண்டும், கணக்கில் 220 இருக்கிறது என்றால், மீதி 80-ஐ அதுவே போட்டுக் கட்டிவிடும். அதற்கு நாள் கணக்கில் கட்டணம் ஏறும். அடுத்து உங்கள் கணக்குக்கு யார் எதற்கு அனுப்பினாலும் முதலில் இந்தப் பாக்கி கழியும், பிறகுதான் உங்களுக்கு. பிள்ளையின் பள்ளி ஃபீஸுக்கென்று வந்த பணமானாலும் அதே கதிதான். தெருமுனைக் கடைக்காரரிடம் அக்கவுன்ட் வைத்தவர் "அடுத்த வாரம் தர்றேன்" என்று சொல்லித் தப்பலாம். இங்கே சொல்வதற்கு ஆளே இல்லை. மக்களிடம் எழுந்த முணுமுணுப்புக்குப் பிறகு 2022-இல் ஃபுலிசா கட்டணங்களைக் குறைத்தார்கள். அதே ஆண்டு, டிஜிட்டல் கடன் கொடுப்பவர்கள் மத்திய வங்கியிடம் உரிமம் வாங்க வேண்டும் என்ற விதிமுறையும் வந்தது.